கேட்டு வந்தார் ராசா

நான் படித்த விசரன். படிக்காத விசரனை ஊர் மன்னித்துவிடும். படித்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற வேலையில் இருந்துகொண்டே, மனித மூளை றேடியோப் பெட்டி மாதிரித்தான், பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் பாடத் தொடங்கிவிடும் என்று நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய் என் சொந்த அத்தானின் தலையில் இறக்கினேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாணுக்கு விடியற்காலையில் பேக்கரி வாசலில் வரிசையில் நிற்கிற காலம். அக்காவும் அத்தானும் குருநகரில் கடலோரமாகக் குடியிருந்தார்கள். கலியாணம் ஆகாத நான் அவர்களுடைய பின்னறையில் இருந்தேன். அத்தானுக்குக் களங்கண்ணித் தொழில். ஆழமில்லாத கடலுக்குள் வரிசையாகக் கம்பு நாட்டி, அதில் வலையைக் கட்டி, வேலி ஓரமாகப் போகிற மீனை ஒரு அறைக்குள் கொண்டுபோய் விழுத்துகிற தொழில். கரையில் வேலிச்சண்டை போதாதென்று கடலுக்குள்ளும் வேலி போட்ட சனம் நாங்கள்.

அத்தானுக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. மாதா கோயில் திருநாளுக்கு மேடையேறுகிற கூத்தில் அவர்தான் ராசா. மைக் இல்லாமலே அவருடைய குரல் கடலில் நிற்கிற வள்ளங்களுக்குக் கேட்கும். எனக்கும் அதே கூத்தில் ஒரு வருசம் வேடம் தந்தார்கள். போர்க்களத்தில் செத்துக் கிடக்கிற படைவீரன். அதிலும் தும்மிவிட்டேன். கோயில் பாடகர் குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். என் தொண்டைக்கு ஊர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்த அத்தானின் வலது கையிலிருந்து ஊசி விழுந்தது. எடுக்கப் போனவர் தானும் சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாரிசவாதம். ஆசுப்பத்திரியால் வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கியபடி இருந்தது, கால் மெல்ல மெல்லத் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாங்கள் சொல்வதெல்லாம் விளங்கும். பகிடிக்குச் சிரிப்பார். பதில் சொல்லத்தான் இயலாது. அவருடைய வாயில் இரண்டே இரண்டு சொல் மிஞ்சியிருந்தன. ஒன்று, "ஓம்." மற்றது அச்சில் ஏற்ற முடியாத ஒரு தூசணம். அது மட்டும் எழுத்துச் சுத்தமாக, கணீரென்று வரும்.

மாதா கோயில் சுவாமியார் அத்தானைப் பார்க்க வந்தார். அத்தான் கஷ்டப்பட்டு எழும்பி நின்று, இடது கையை நெஞ்சில் வைத்து, மிகப் பணிவாக அந்தத் தூசணத்தைச் சொன்னார்.

அக்கா பதறவில்லை. "சுவாமி, உது இப்ப அவருக்குத் தோத்திரம் மாதிரி. குறை நினையாதையுங்கோ."

"நான் ஏன் பிள்ளை குறை நினைக்கிறன்? இந்தக் கரையிலை பாவசங்கீர்த்தனம் கேக்கிறவனுக்கு உது புதுச் சொல்லே?" என்றார் சுவாமி. அத்தான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணில் தண்ணீர் நின்றது.

அழவேண்டிய காரணம் இருந்தது. வருசா வருசம் காற்று மாறுகிற நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் முற்றத்தில் கடலைப் பங்குபோடுவார்கள். கோயில் மூப்பர் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் கூப்பிடுவார். போன வருசம் அங்கே கம்பு நாட்டியவன் எழும்பித் தன் வாயால் கேட்டால் இடம் அவனுக்கே. கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கலாம். உயிரோடு இருக்கிறவனுக்காக இன்னொருவன் வாய் கொடுக்கக் கூடாது. பட்டணத்துக் காசுக்காரர் ஆள்விட்டுக் கேட்பித்துக் கடலைப் பிடித்துவிடாமல் இருக்க முன்னோர் போட்ட கட்டு அது. நல்ல கட்டுத்தான். ஆனால் பேச்சுப் போனவனைப் பற்றி அந்த முன்னோர் யோசித்திருக்கவில்லை.

அத்தானின் இடம் சங்குத்திட்டி. அந்த இடம் போனால் அடுப்பும் போகும். மகன் இல்லை, இரண்டும் சின்னப் பெண்பிள்ளைகள்.

அத்தானின் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். நாங்கள் பெரியண்ணை என்போம். கூத்தில் பிற்பாட்டுக்காரருக்குத் தலைவர். அத்தான் ஒரு அடி பாடினால் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிற முதல் குரல் அவருடையது. கெட்ட மனுசன் இல்லை. ஒளிச்சுச் செய்யாமல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போக வந்தார்.

"தம்பி கேக்காட்டி சங்குத்திட்டியை நான் கேக்கப்போறன். என்ரை பிள்ளையளும் திண்ண வேணும். பிறகு மனவருத்தப்படக் கூடாது."

"அவர் கேப்பார்," என்றாள் அக்கா.

"எதாலை பிள்ளை?"

"வாயாலை."

"உந்த வாயாலையோ?"

"அவருக்கு வேறை வாய் இல்லை. உந்த வாயாலைதான்."

"மூப்பரிட்டைச் சொல்லிப் பாத்தனீயே?"

"பாத்தன். செத்தவனுக்காக மகன் கேக்கலாமாம், உயிரோடை இருக்கிறவனுக்காகப் பெண்சாதி கேக்கேலாதாம். அப்ப இந்த மனுசன் செத்திருந்தா உங்களுக்கெல்லாம் சுகமாயிருந்திருக்கும் என்ன?"

பெரியண்ணை செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சனீதானே. என்னவாவது செய்."

இப்படித்தான் விஞ்ஞானம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. பட்டணத்து நூல்நிலையத்தில் போய்க் குந்தி, இசையும் மூளையும் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பாட்டுக் கேட்டால் நெஞ்சு வேகமாக அடிக்கும், மயிர் கூச்செறியும், காரணமில்லாமல் கண் கலங்கும், உணர்ச்சியின் ஊற்றுக்கண்ணையே பாட்டுப் போய்த் தொடும் என்றெல்லாம் இருந்தது. அரைவாசி விளங்கியது. மிச்ச அரைவாசியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்: பெரிய உணர்ச்சியாக ஒன்றை உள்ளே அனுப்பினால் அது பின்னாலிருந்து தள்ள, அடைபட்ட சொல் வெளியே வந்து விழும்.

சிநேகிதன் ஒருவனிடம் ரான்சிஸ்டர் றேடியோ இரவல் வாங்கி வந்தேன். ஒரு சோகப் பாட்டுக்காகக் காத்திருந்து, வந்ததும் அத்தானின் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன். நல்ல பலன். பாட்டு முடிந்து, அடுத்த பாட்டு முடிந்து, செய்தியும் முடிந்த பிறகும் அத்தான் அழுதுகொண்டிருந்தார். பிள்ளைகளும் சேர்ந்து அழத் தொடங்கினார்கள்.

"இவ்வளவு நாளும் அழாமல் இருந்த மனுசனடா. உவரை அழப்பண்ணவோ நீ நூல்நிலையத்துக்குப் போனனீ?" என்றாள் அக்கா.

அடுத்த நாள் துள்ளல் பாட்டு வைத்தேன். அத்தான் சிரித்தார், இடது காலால் தாளம் போட்டார், கடைசியில் வாயைத் திறந்தார். நான் பெருமையோடு அக்காவைப் பார்த்தேன். தூசணம் வந்தது. றேடியோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உணர்ச்சிக்கு ஒரு கதவு, சொல்லுக்கு வேறொரு கதவு. நான் இவ்வளவு நாளும் பிழையான கதவில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது மட்டும் தெரிந்தது.

அதன் பிறகு ஒருநாள் பின்னேரம் அத்தானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய வலையில் அறுந்த கண்களைப் பொத்திக்கொண்டிருந்தேன். எனக்கு வலையும் பொத்தத் தெரியாது. சேர்ந்து செய்கிறேன் என்ற பெயர்தான். சும்மா இருக்க முடியாமல், கூத்தில் ராசா மேடைக்கு வருகிற வரவுப் பாட்டை எடுத்துவிட்டேன்.

"முத்துக் குடை பிடிக்க, முரசொலிக்க, நானுமிங்கு கொலுவிருக்க வந்தேன்…"

சொல் சரி. மெட்டு எங்கேயோ போய்விட்டது. மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போய், திரும்பி வர வழி தெரியாமல் நின்றது. அத்தானின் முகம் கோணியது. இடது கையை ஓங்கினார். அடிக்கப்போகிறாராக்கும் என்று குனிந்துகொண்டேன். அடி விழவில்லை.

"முத்துக் குடை பிடிக்க, முரசொலிக்க, நானுமிங்கு கொலுவிருக்க வந்தேன்!"

முழு அடியும், சொல்லுக்குச் சொல், மெட்டுக்கு மெட்டு. குசினியிலிருந்து அக்கா பாதி துருவிய தேங்காய் கையோடு ஓடிவந்தாள். அத்தான் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய வாயோ என்பதுபோல.

"உதைத் திருப்பிச் சொல்லுங்கோ," என்றாள் அக்கா.

அத்தான் மூச்சை இழுத்து, முழு மனதோடு சொன்னார். தூசணம்.

"சொல்லாதையுங்கோ. பாடுங்கோ."

பாடினார்.

நான் சைக்கிளில் டொக்டரிடம் பறந்தேன். அவர் சிரிக்கவில்லை. இப்படி நடப்பது உண்டாம். அனேகமான ஆட்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறதாம். இடப்பக்கத்தில் அடிபட்டபடியால்தான் வலது கையும் பேச்சும் சேர்ந்து போயின. மெட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கும். பழகிய பாட்டு, செபம், தூசணம், இவையெல்லாம் நாம் யோசித்துக் கோத்துப் பேசுகிற பேச்சுப் போல இல்லை. கோத்தபடியே வேறிடத்தில் கிடப்பவை.

"அப்ப அவர் பாட்டாலை கதைக்கலாமோ?"

"பழைய பாட்டுப் பாடுவார். அதுக்குள்ளை புதுச் சொல்லை ஏத்திறது லேசான வேலையில்லை தம்பி. கனக்க நம்பிக்கை குடுத்துப் போடாதை."

அக்காவிடம் அப்படியே சொன்னேன். "லேசில்லை எண்டுதானே சொன்னவர்? ஏலாது எண்டு சொல்லேல்லையே," என்றாள்.

அன்றிலிருந்து வீடு கூத்துக் கொட்டகை ஆயிற்று. அக்கா அவருக்கு முன்னால் இருந்து, அவருடைய இடது கையைப் பிடித்து முழங்காலில் தாளம் தட்டுவாள். வலது கை இயலாதபடியால் இடதைப் பிடித்தாள். இடது கையை ஆட்டுவது வலப்பக்க மூளை என்ற யோசனையெல்லாம் அவளுக்கு இல்லை. மெட்டைச் சொல் இல்லாமல் முனகுவார்கள். பிறகு பழைய சொல்லோடு. பிறகு பழைய அடியில் ஒரு சொல்லைக் கழற்றி "சங்குத்திட்டி"யை வைப்பார்கள். அந்த இடத்துக்கு வந்ததும் அத்தான் முட்டிக்கொண்டு நிற்பார். இல்லாவிட்டால் பழைய சொல்லே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கோபம் வந்து தட்டை எறிந்த நாளும் உண்டு. அக்கா எறிந்த தட்டைப் பொறுக்கிவைத்துவிட்டு மறுபடியும் கையைப் பிடிப்பாள்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். அத்தான் வாய் திறவாமல் சோர்ந்துபோய் இருக்கும்போது அக்கா பின்னறையைப் பார்த்துக் கத்துவாள்: "எடேய், வந்து பாடு!" நான் வந்து என் முறைக்குப் பாடுவேன். அந்தக் கொடுமையைப் பொறுக்கமாட்டாமல் அத்தான் திருத்திப் பாடத் தொடங்குவார். என் கழுதைக் குரலுக்கு இந்தப் பூமியில் கிடைத்த ஒரே உத்தியோகம் அது. பக்கத்து வீட்டார் எங்களை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். புருசனுக்கு வாதம், பெண்சாதிக்கு விசர், மச்சானுக்கு இரண்டும் என்று கரையில் கதை. சொல்லிக்கொள்ளட்டும் என்று இன்னும் உரக்கப் பாடினோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து ஆம்பிளைகள் முற்றத்தில் குந்தினார்கள். பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மூப்பர் இடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக எழும்பிக் கேட்டார்கள்.

"சங்குத்திட்டி!"

அத்தான் பொல்லை ஊன்றி எழும்பினார். எல்லாருக்கும் அவர் மேல் இரக்கம். இரக்கத்தோடு இடத்தை எடுத்துக்கொள்ள ஆயத்தம்.

"ஓம்," என்றார் அத்தான்.

"என்ன ஓம் தம்பி? வாய்விட்டுக் கேளும்," என்றார் மூப்பர்.

அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. கோயில் வாசலில், மாதா சுரூபத்துக்கு நேர்முன்னால், கணீரென்று அந்தத் தூசணம் விழுந்தது. இளசுகள் சிரித்துவிட்டார்கள். மூப்பர் கையால் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியண்ணை மெல்ல எழும்பினார்.

சுவரோரம் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அத்தானைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என்றால் கத்தியிருப்பாள்.

நான் எழும்பினேன். நான் படிப்பிக்கிற வாத்தியார். என் பள்ளிப் பிள்ளைகளின் தகப்பன்மார் எல்லாரும் இருக்கிற சபை. பாடகர் குழுவில் சத்தமில்லாமல் அசைய மட்டும் விட்ட வாயை முழுதாகத் திறந்தேன்.

"முத்துக் குடை பிடிக்க…"

ஒரு நாய் எழும்பிப் போனது. "வேறை ஆள் வாய் குடுக்கேலாது!" என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"உதுக்கெல்லாம் வாய் எண்டு பேரே? இருங்கோடா," என்றார் மூப்பர்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் இருந்த கொலைவெறியை நான் அன்போடு நினைத்துக்கொள்கிறேன். பொல்லைக் கீழே போட்டார். இடது கையால் தொடையில் தட்டினார். சுவரோரத்தில் அக்கா அதே தாளத்துக்குக் கையைத் தட்டினாள். இன்னும் இரண்டொரு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

"முத்துக் குடை பிடிக்க, முரசொலிக்க, நானுமிங்கு கொலுவிருக்க வந்தேன்!"

திருநாள் மேடையில் கேட்ட அதே குரல். அடி முடிந்த கையோடு முற்றம் முழுக்க எழுந்தது பிற்பாட்டு:

"வந்தார், வந்தார் ராசா கொலுவிருக்க வந்தார்!"

ஒருவரும் யோசித்துப் பாடவில்லை. வருசக்கணக்காக அவர் பாட இவர்கள் வாங்கிய வாய்கள். ராசா ஓரடி விட்டால் பிற்பாட்டு வந்தே ஆகவேண்டும். அதை விழுங்குவது தும்மலை விழுங்குவதுபோல. தும்மலைப் பற்றி எனக்குத் தெரியும். அத்தான் மூச்சு எடுத்தார். முட்டிக்கொள்கிற இடம் வந்தது. அக்காவின் கை நிற்கவில்லை.

"சங்குத்திட்டி கேட்டு வந்தேன், மூப்பரே, நான் கம்பு நாட்டக் கேட்டு வந்தேன்!"

"வந்தார், வந்தார் ராசா கம்பு நாட்டக் கேட்டு வந்தார்!"

எல்லாருக்கும் மேலாலே, தலைமைக் குரலாக, கடைசி அடியை இழுத்து இறக்கியது பெரியண்ணையின் குரல். இறக்கிய பிறகுதான் அவருக்குத் தான் செய்தது விளங்கியது.

மூப்பர் எழும்பினார். "பிறகென்ன? கேட்டு வந்தார் எண்டு நீரே சபையிலை சொல்லிப்போட்டீர்."

"அது நான் சொல்லேல்லை மூப்பர்! வாய் சொன்னது!"

"வாயைத்தானே நாங்கள் இஞ்சை கேக்கிறம்."

"பாட்டு வேறை, கேள்வி வேறை!" என்று பின்னுக்கிருந்து ஒருவர். "உப்பிடியெண்டா நாளைக்கு எல்லாரும் பாடிக்கொண்டு வருவாங்கள்." ஓம், வரட்டும், என்னைவிட மோசமாகப் பாட ஒருவனாலும் ஏலாது என்று நான் சொன்னேன். அப்போது அத்தான் மூப்பரிடம் ஓரடி நெருங்கி, யாரும் கேட்காமலே, அந்த அடியை மறுபடியும் பாடினார். பிறகு மறுபடியும். சண்டைக்கு நிற்கிற மனுசன் மார்பில் தட்டுவதுபோல ஒவ்வொரு முறையும் தொடையில் தட்டினார். ஒவ்வொரு முறையும் பிற்பாட்டு வந்தது. கடைசியாக மறுப்புச் சொன்னவரும் அதில் இருந்தார். மூப்பர் கையைக் காட்டி நிறுத்தி, "சங்குத்திட்டி இவருக்கு," என்று சொல்லி அடுத்த இடத்தின் பெயரைக் கூப்பிட்டார்.

பாட்டு மனதை ஆற்றும், கல்லைக் கரைக்கும் என்று மேடைகளில் பேசுகிறவர்களைப் பிறகு நிறையக் கேட்டிருக்கிறேன். ஆற்றட்டும், கரைக்கட்டும். எங்கள் வீட்டில் அது யாரையும் ஆற்றவில்லை. ஒரு மனுசனைக் கோபப்படுத்தி எழுப்பி, அவருக்கு முடிந்துபோயிற்று என்று சொன்ன சபைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தச் சபையின் வாயாலேயே அவருக்குச் சாட்சியும் சொல்வித்தது. மூளைக்குள் அது எந்தப் பக்கத்தால் போகிறது என்பதைப் படித்தவர்கள் சொல்வார்கள். என் பங்குக்கு, கழுத்துக்கு மேலே உள்ளதையெல்லாம் றேடியோ என்று நினைப்பதை விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் விடிய, கரையில் வள்ளத்துக்குக் கம்பு ஏற்றினோம். அத்தான் வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் போய் ராசாவாட்டம் குந்தியிருந்து இடது கையால் இடம் காட்டினார். பெரியண்ணையும் வந்து பெரிய கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து எனக்கு முழுதும் விளங்கிவிட்டதுபோல ஒரு வெளிச்சம் வந்தது. கம்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக் காட்டிக்கொண்டு தொடங்கினேன்.

"அக்கா, இஞ்சை பார், இடப்பக்கம் கதை, வலப்பக்கம் மெட்டு. அப்ப நேற்றைக்கு அங்கை உண்மையா நடந்தது என்னெண்டால்…"

"கம்பைத் தூக்கடா."